வண்டிக்கும் ஒரு மூக்கு உண்டு – ஏர் ஃபில்டர் பராமரிப்புப் பாடம்

தங்கவயல்காரர்களுக்குத் தூசியைப் பற்றிப் பாடம் சொல்வது கொல்லர் தெருவில் ஊசி விற்பது போன்றது. ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் சைனைடு மேட்டுப் பக்கத்து லைன் வீடுகளில் சமைத்த பாத்திரத்தைத் திறந்து வைக்க முடியாது. கொடியில் உலர்த்திய வெள்ளை வேட்டி மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். நமக்கு இவ்வளவு பழக்கமான இந்தத் தூசி, வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளை என்ன செய்கிறது? அதிலிருந்து வண்டியையும், வண்டியைத் துடைக்கும் நம்மையும் காப்பது எப்படி? இதுவே இவ்விதழின் தொழிற்பாடம்.

மண் சாலையிலும் மேடு பள்ளத்திலும் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகள் மீது இன்றைய பிள்ளைகளுக்கு ஆசை அதிகம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 2016-லும், ஹீரோ எக்ஸ்பல்ஸ் 2019-லும் கடைக்கு வந்தன. 2018-இல் நம் ஊர்ப் பெயரில் திரைப்படம் வந்த பிறகு, வெளியூர் இளைஞர்களும் மேடுகளைப் பார்க்க வண்டியில் வருகிறார்கள். டர்ட் பைக் இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். மாரிக்குப்பம் ரயிலைப் பிடிக்க நாம் ஓட்டிப்போகும் சாதாரண நூறு சி.சி. வண்டிக்கும் பாடம் இதுவேதான்.

ஒரு சொந்த அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் என் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு மண் தடங்களில் சுற்றத் தொடங்கினான். வண்டி இழுக்கவில்லை என்று ஒரு பட்டறையில் விட்டோம். பழுது பார்த்தவர் ஸ்பாஞ்சு வடிகட்டியைக் கழற்றிக் காட்டி, "இது கிழிஞ்சிடுச்சு சார். இது இல்லாமலே ஓட்டுங்க, பிக்கப் இன்னும் நல்லா இருக்கும்" என்றார். உண்மையில் ஒரு வாரம் வண்டி பறந்தது. நானும் மகிழ்ந்தேன். நான்காம் மாதம் நீலப் புகை வந்தது. எஞ்சின் ஆயில் மாதம் பாதி காணாமல் போயிற்று. காலையில் கிக்கரை உதைத்தால் எதிர்ப்பே இல்லை. வேறு பட்டறையில் எஞ்சினைத் திறந்தபோது சிலிண்டரின் உட்சுவரில் மேலும் கீழுமாகக் கோடுகள். பிஸ்டன் ரிங்குகள் கத்தி முனைபோல் தேய்ந்திருந்தன. சில நூறு ரூபாய் வடிகட்டிக்குப் பதிலாக, போர் செய்து புதுப் பிஸ்டன் போட சில ஆயிரம் செலவாயிற்று.

பாடத்தின் முதல் பாதி அது. இரண்டாம் பாதியை என் தந்தையார் கற்பித்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை துளையிடும் மெஷினில் நெடுங்காலம் வேலை பார்த்தவர் அவர். புது வடிகட்டி போட்ட சில வாரங்களில் மகன் அதைக் கழற்றி, திண்ணைச் சுவரில் பட்பட்டென்று தட்டி, முகத்துக்கு நேரே பிடித்து வாயால் ஊதினான். கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த தந்தையார் கையைத் தட்டி அவனைக் கூப்பிட்டார். "டேய் கண்ணு, ஊதாதே. அது கல்லு தூசி. உள்ளே போனா திரும்பி வராது. தண்ணியிலே நனைச்சிட்டு அப்புறமா தொடு" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று முறை மூச்சு விட வேண்டியிருந்தது. இன்று அவர் இல்லை. அந்தச் சொல்லை வாசகர்களிடம் சேர்க்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எஞ்சின் எவ்வளவு மூச்சு விடுகிறது?

பெட்ரோல் தனியாக எரியாது. அதற்குக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவு. கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எஞ்சின் ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றை உறிஞ்ச வேண்டும்.

இன்னொரு கணக்கு. நூறு சி.சி. நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுழன்றால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வீதம் 2,500 முறை மூச்சை இழுக்கிறது. முழு வேகத்தில் ஒவ்வொரு முறையும் 100 கன சென்டிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 250 லிட்டர். அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிடத்தில் இழுப்பது 6 முதல் 8 லிட்டர்தான். அப்படியானால் புழுதிச் சாலையில் ஓடும் சிறிய வண்டி ஒன்று, முப்பது பேர் உறிஞ்சும் காற்றைத் தனியாக உறிஞ்சுகிறது. அந்தக் காற்றிலுள்ள தூசியை வாசலிலேயே தடுத்து நிறுத்தும் காவல்காரன்தான் ஏர் ஃபில்டர் என்னும் காற்று வடிகட்டி.

நம் ஊர்த் தூசியின் குணம்

சைனைடு மேடு என்று பெயர் இருந்தாலும் எஞ்சினைக் கெடுப்பது சைனைடு அன்று. தங்கம் இருந்த படிகக்கல் பாறையை ஆலையில் மாவாக அரைத்து, சைனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் ஒதுக்கிய கழிவு மண்தான் இந்த மேடுகள். நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்து மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. படிகக்கல் சாதாரணக் கத்தியின் இரும்பைக் காட்டிலும் கடினமானது. கத்தியால் அதன்மேல் கோடு போட முடியாது. அது கத்தியின்மேல் கோடு போடும்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு அளவுதான். நம் தலைமுடியைவிட மெல்லிய அந்த இடைவெளியில் எண்ணெய் ஒரு படலமாகப் பரவியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கல்மாவு அந்த எண்ணெயில் கலந்தால், எண்ணெய் மசகாக இருப்பதற்குப் பதில் தேய்க்கும் பசையாகிவிடும். சிலிண்டருக்குள் நாமே உப்புத்தாளை வைத்து ஓட்டுவதற்கு ஒப்பானது அது.

மூன்று வகை வடிகட்டிகள்

வடிகட்டியைத் தொடுவதற்கு முன் அது எந்த வகை என்று அறிய வேண்டும். ஒன்றுக்குரிய வைத்தியம் மற்றதற்கு நஞ்சாகும். வண்டியோடு வந்த கையேட்டில் வகையும் மாற்றவேண்டிய கிலோமீட்டர் கணக்கும் இருக்கும்.

முதல் வகை, எண்ணெய் பூசிய ஸ்பாஞ்சு. பந்தயத்துக்கான டர்ட் பைக்குகளிலும், பழைய நூறு சி.சி. வண்டிகள் சிலவற்றிலும் இருப்பது. இதைக் கழுவி, எண்ணெய் பூசி மீண்டும் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, உலர்ந்த காகித வடிகட்டி. விசிறிபோல் மடித்த காகிதம். இதைக் கழுவக் கூடாது. எண்ணெயும் படக் கூடாது. லேசாகத் தூசி தட்டலாம். பிறகு மாற்ற வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய் ஊட்டிய காகித வடிகட்டி. தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும். இன்றைய வண்டிகள் பலவற்றில் இதுதான் உள்ளது. இதைத் தட்டவும் கூடாது, ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது. காற்றடித்தால் ஊட்டிய எண்ணெய் போய்விடும். காலம் வந்ததும் புதிது போடுவது ஒன்றே வழி.

ஸ்பாஞ்சு வடிகட்டியைக் கழுவும் முறை

1. வண்டியை வீட்டுக்கு வெளியே, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நிறுத்துங்கள். பக்கவாட்டு மூடியைச் சுற்றியுள்ள தூசியை முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திறக்கும்போதே அது உள்ளே விழும்.

2. மூடியைக் கழற்றி வடிகட்டியை மெதுவாக வெளியே எடுங்கள். அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

3. எஞ்சினுக்குப் போகும் காற்றுக் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். துணியின் ஒரு முனை வெளியே நன்றாகத் தொங்கட்டும். அதை மறந்து மூடிவிட்டால் வேறு வினை வந்து சேரும்.

4. ஸ்பாஞ்சைச் சட்டத்திலிருந்து பிரித்து, பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். பழைய எண்ணெய் போகவில்லையென்றால் முதலில் மண்ணெண்ணெயில் அலசி, பிறகு சோப்பு நீரில் கழுவலாம். பெட்ரோலில் கழுவவே கூடாது. அதன் ஆவி பக்கத்து வீட்டு அடுப்பிலும் தீப்பற்றும். ஸ்பாஞ்சின் ஒட்டும் பிரிந்துபோகும்.

5. துணி பிழிவதுபோல் முறுக்காதீர்கள், கிழிந்துவிடும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். நீர் தெளிவாக வரும்வரை அலசி, நிழலில் முழுவதும் உலரவிடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் ஒட்டாது.

6. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கிழிசல், ஊசித் துளை, ஓரத்தில் ஒட்டு விட்ட இடம் இருந்தாலோ, விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தாலோ புதிது வாங்குங்கள். தைத்துப் போடுவது சிக்கனமாகாது.

7. வடிகட்டிக்கென்றே விற்கும் எண்ணெயை, அல்லது கையேடு சொல்லும் ஆயிலை, எல்லா இடத்திலும் பரவும்படி ஊற்றிப் பிசையுங்கள். மிகுந்ததைப் பிழிந்து எடுங்கள். நிறம் ஒரே சீராக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் சொட்டக் கூடாது.

8. இதற்கிடையில் ஏர் பாக்ஸின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, அடியிலுள்ள சிறிய வடிகுழாயின் மூடியைக் கழற்றி அழுக்கு நீரை வெளியேற்றுங்கள்.

9. வடிகட்டி உட்காரும் விளிம்பில் மெல்லியதாகக் கிரீஸ் தடவுங்கள். குழாய் வாயிலிருந்து துணியை எடுங்கள். வடிகட்டியைச் சரியாக உட்காரவைத்து, விளிம்பு முழுவதும் விரலால் தடவிப் பார்த்து, பிறகு மூடுங்கள். நல்ல வடிகட்டியும் கோணலாக உட்கார்ந்தால் பயனில்லை. தூசி நல்ல வழியை விட்டுச் சந்து வழியாகவே நுழையும்.

காகித வடிகட்டியைக் கவனிக்கும் முறை

உலர்ந்த காகித வடிகட்டியை ஈரமான சாக்கின்மேல் பிடித்து, மரக்கட்டையில் தட்டுவதுபோல் அல்லாமல் உள்ளங்கையால் மென்மையாகத் தட்டுங்கள். காற்றுக் குழாய் வசதி இருந்தால் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, குறைந்த அழுத்தத்தில், தள்ளி நின்று அடிக்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே அடித்தால் தூசியை மடிப்புக்குள் ஆழமாகத் திணித்துவிடுவோம். பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அருகே பிடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். எண்ணெய்க் கறை பட்டதும், நனைந்ததும், மடிப்பு நசுங்கியதும் குப்பைக்கே உரியவை.

நம் ஊர் பெமல் ஆலையில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். 1964-இல் தொடங்கிய அந்த நிறுவனம் செய்யும் புல்டோசர் போன்ற பெரிய இயந்திரங்களில் வடிகட்டி ஒன்றல்ல, இரண்டு. வெளி வடிகட்டி உழைக்கும். உள் வடிகட்டி காவலுக்கு. உள் வடிகட்டியைத் துப்புரவு செய்து மீண்டும் போடும் வழக்கம் இல்லை, மாற்றுவதுதான் முறை. கோடிக்கணக்கில் விலை போகும் இயந்திரத்துக்கே அதுதான் விதி என்றால், நம் வண்டியில் பழைய காகிதத்தை நாலாம் முறையாகத் தட்டிப் போடுவதில் என்ன மிச்சம்?

எப்போது செய்வது?

கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கு நல்ல தார்ச்சாலைக்கு உரியது. புழுதியில் ஓட்டுபவர்கள் அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. மண் தடப் பந்தயம் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் ஸ்பாஞ்சைக் கழுவுகிறார்கள். பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் 2015-இல் டக்கார் பாலைவன ஓட்டத்தை மோட்டார் சைக்கிளில் முடித்த முதல் இந்தியர் ஆனார். அத்தகைய ஓட்டங்களில் அன்றாட ஓட்டம் முடிந்ததும் வண்டிக்குப் புது வடிகட்டி மாற்றுவது வழக்கமான வேலை. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்தப் பழக்கம் உதவும்.

வண்டியே சில அடையாளங்களைக் காட்டும். வடிகட்டி அடைத்துக்கொண்டால் மேடு ஏற இழுக்காது, மைலேஜ் குறையும். கார்புரேட்டர் வண்டியானால் கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலைத் தாமாக அளந்து பீய்ச்சுபவை. அவற்றில் கரும்புகை தெரியாமலே சக்தி மட்டும் குறையும். ஆகவே புகை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடைத்துக்கொண்ட வடிகட்டியைக் காட்டிலும் ஓட்டை விழுந்த வடிகட்டியே பெரிய ஆபத்து. முன்னது வண்டியை நிறுத்தித் தன் குறையைச் சொல்லிவிடும். பின்னது எஞ்சினை அரித்துக்கொண்டே வண்டியை நன்றாக ஓடவைக்கும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். சோதிக்க எளிய வழி உண்டு. வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் எங்கோ சந்து இருக்கிறது.

நம் மூச்சுக்கும் ஒரு பாடம்

எண்ணெய் பூசிய ஸ்பாஞ்சு தூசியை எப்படிப் பிடிக்கிறது? காற்று வளைந்து வளைந்து போகிறது. கனமான தூசி வளைய முடியாமல் எண்ணெயில் மோதி ஒட்டிக்கொள்கிறது. நம் மூக்கும் அப்படியே அமைந்தது. உள்ளே மயிரும் ஈரமும் வளைவும் உள்ளன. ஆனால் நம் மூக்கால் பிடிக்க முடியாத நுண்ணிய கல்தூசி நுரையீரலின் அடிவரை போய்விடும். போன தூசி கரையாது. அதைச் சுற்றி நுரையீரல் தழும்பேறி இறுகும். அதுவே சிலிகோசிஸ். அந்தத் தழும்பை மாற்றும் மருந்து இன்றுவரை இல்லை.

கோலார் சுரங்கங்களில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்து 1947-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்நோய் இருந்தது. தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பிழைக்க வந்த நம் பாட்டன்மார்களின் கணக்கு அது. பாறையில் துளையிடும்போது நீர் பாய்ச்சித் தூசியை அங்கேயே அடக்கும் முறை சுரங்கங்களில் பரவியதற்கு இந்நோயே காரணம். "தண்ணியிலே நனைச்சிட்டுத் தொடு" என்று தந்தையார் சொன்னதில் இந்த வரலாறு முழுவதும் இருந்ததை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

வடிகட்டியில் ஒருமுறை தட்டிய தூசியால் எவருக்கும் உடனே நோய் வந்துவிடாது. ஆனால் பட்டறையில் நாள்தோறும் பத்து வண்டிகளின் வடிகட்டியைக் காற்றடிக்கும் பையனின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆகவே வீட்டிலும் பட்டறையிலும் இவற்றைக் கடைப்பிடிப்போம்: வாயால் ஊதுவதில்லை. வீட்டுக்குள்ளும் திண்ணையிலும் தட்டுவதில்லை. குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில்லை. கர்ச்சீப் கட்டினால் போதும் என்று நினைப்பதில்லை. 2020-இல் நாம் பழகிய என்-95 முகமூடியை அணிவோம். உதிர்ந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்போம்.

சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது, மேடுகள் மூடப்படவில்லை. 13 மேடுகளிலுள்ள கழிவு மண்ணிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. மண்ணைத் தோண்டினால் தூசியும் எழும்பும். அந்த வேலைக்கு நம் பிள்ளைகள் போகக்கூடும். நீர் தெளிக்கிறார்களா, முகமூடி தருகிறார்களா என்று கேட்கும் அறிவு அவர்களுக்கு இப்போதே வேண்டும். வண்டி எஞ்சின் கெட்டால் புதுப் பிஸ்டன் போடலாம்.

பயிற்சி வினாக்கள்

இளம் வாசகர்கள் தமிழில் விடை எழுதிப் பெற்றோரிடம் காட்டவும்.

1. உங்கள் வீட்டு வண்டியில் உள்ளது எவ்வகை வடிகட்டி? கையேட்டில் அதை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது?
2. உங்கள் வண்டி மாதம் எத்தனை லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது? அதற்கு எத்தனை லிட்டர் காற்றை உறிஞ்சியிருக்கும்?
3. காகித வடிகட்டியை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஏன் காற்றடிக்க வேண்டும்?
4. ஓட்டை விழுந்த வடிகட்டி அடைத்த வடிகட்டியைவிட ஏன் ஆபத்தானது?
5. உங்கள் தாத்தாவோ வேறு பெரியவரோ சுரங்கத்தில் வேலை பார்த்தவரா? தூசியிலிருந்து தம்மை எப்படிக் காத்துக்கொண்டார் என்று கேட்டு ஐந்து வரி எழுதுக.